பழைய வின்ச்சைப் பிரித்துச் சரிசெய்து 540 ஜீப்பில் மாட்டுகிறேன்: இழுக்கிறது, ஆனால் பிடித்து நிற்கவில்லை

கரிசல்540 | செப்டம்பர் 14, காலை 7:10

வணக்கம். எங்கள் காடு திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் நடுவில் இருக்கிறது. முழுக்கக் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் பசை மாதிரி ஆகிவிடும். டயர் பட்டனுக்குள் மண் அப்பிக்கொண்டால் நான்கு சக்கரமும் வழுவழுவென்று சுற்றுமே தவிர வண்டி நகராது. போன மழைக்காலத்தில் என் 540 மூன்று முறை அச்சு வரை இறங்கியது. இரண்டு முறை பக்கத்துக் காட்டு டிராக்டர் வந்து இழுத்தது. மூன்றாவது முறை எல்லா டிராக்டரும் உழவில் இருந்தன. வண்டி இரண்டு நாள் சேற்றிலேயே நின்றது.

அதனால் இந்த வருடம் மழைக்கு முன்னால் ஒரு வின்ச் (ரோப்பைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) மாட்டிவிட முடிவு செய்தேன். குமுளிப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து ஜீப்பிலிருந்து கழற்றியது, 14,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 12 வோல்ட், 8,000 பவுண்டு (3,629 கிலோ). பெயர்ப்பலகை பாதி உதிர்ந்துவிட்டதால் யார் தயாரிப்பு என்று தெரியவில்லை. படுத்த அமைப்பு: ஒரு பக்கம் மோட்டார், நடுவில் ரோப் சுற்றும் டிரம், மறுபக்கம் கியர். 8 மி.மீ. இரும்பு ரோப் சுமார் 25 மீட்டர், துருப்பிடித்து நடுவில் இரண்டு இடத்தில் பிசிறு விட்டிருக்கிறது. பேட்டரி கொடுத்தால் மோட்டார் ஒரு முனகல், அவ்வளவுதான்.

ஆள், டீசல், கருவிகளோடு எடை மேடையில் ஏற்றிப் பார்த்தேன், 1,620 கிலோ. இந்த வின்ச் போதுமா? எங்கிருந்து பிரிக்க ஆரம்பிப்பது?

செல்லூர் காயில்கடை | செப்டம்பர் 14, இரவு 9:32

தம்பி, முனகல் கேட்கிறது என்றால் மோட்டாரில் உயிர் இருக்கிறது. அதற்குமேல் பேட்டரி கொடுத்துக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். சுற்றாத மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் காயில் வெந்துவிடும்.

மோட்டாரைத் தனியே கழற்றுங்கள். நீண்ட போல்ட் இரண்டு இருக்கும். கழற்றுவதற்கு முன்னால் பின்மூடி, உடம்பு, முன்மூடி மூன்றையும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி. கரண்ட் கடத்தும் கரி பிரஷ் நான்கும் அதன் கூட்டுக்குள் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஈரம் போன மோட்டாரில் பிரஷ் கூட்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் தள்ளினாலும் கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு வளையத்தை) தொடாது. பத்தில் எட்டு வின்ச் இதனால்தான் என் கடைக்கு வருகிறது.

ஆர்மேச்சரை (உள்ளே சுற்றும் காயில் பகுதியை) சீரிஸ் லைட் (பல்பு கோத்த சோதனை வயர்) வைத்துப் பாருங்கள். ஒரு முனை கம்யூட்டேட்டரில், ஒரு முனை ஷாஃப்டில். பல்பு எரிந்தால் காயில் ஷாஃப்டோடு ஒட்டி எர்த் ஆகிவிட்டது, எனக்கு அனுப்புங்கள். எரியாவிட்டால் உப்புத்தாளால் கம்யூட்டேட்டரைச் சுற்றித் தேய்த்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவில் அடைத்திருக்கும் கரியை ஆக்சா பிளேடின் நுனியால் கீறி எடுங்கள். செம்பைவிட நடுவில் இருக்கும் மைக்கா ஒரு மயிரிழை தாழ்ந்திருக்க வேண்டும். எமரி துணி வேண்டாம். அதன் துகள் கரண்டைக் கடத்தும்.

புதூர் பட்டறை | செப்டம்பர் 15, காலை 6:05

எடைக் கணக்குச் சரி. ஏற்றிய எடையைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும் என்பது பொது விதி. உங்களுக்கு 2,430 கிலோ வருகிறது, இந்த வின்ச் தாங்கும். ஆனால் 3,629 கிலோ என்பது டிரம்மில் முதல் அடுக்கு ரோப் மட்டும் இருக்கும்போது. அடுக்கு ஏற ஏற டிரம் பருக்கிறது, இழுவை குறைகிறது. நான்காம் அடுக்கில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. அதனால் மரம் கிட்டத்தில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு ஐந்து மீட்டர் மட்டும் விட்டு இழுக்கக் கூடாது.

சேற்றுக்கு ராணுவத்தார் வைத்திருக்கும் ஒரு மதிப்பு உண்டு. சக்கரம் அளவுக்குப் புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுவை வேண்டும். மட்கார்டு வரை போனால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே போனால் மூன்று மடங்கு. உங்கள் வண்டி மட்கார்டு வரை இறங்கினால் 3,240 கிலோ. அந்த நேரத்தில் ஒரு கப்பி கையில் இருக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்குக் கப்பியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோப்பைக் கப்பியில் மடக்கித் திரும்ப வண்டியிலேயே மாட்டினால் இழுவை இரண்டு மடங்கு, வேகம் பாதி, மோட்டாருக்கும் சிரமம் பாதி.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள். டிரம்முக்குள் ஒரு பிரேக் இருக்கும். அதை நான் சொல்லாமல் தொட வேண்டாம்.

கரிசல்540 | செப்டம்பர் 21, இரவு 8:47

பிரித்துவிட்டேன். செல்லூர் அண்ணன் சொன்னது அப்படியே. நான்கு பிரஷ்ஷில் மூன்று கூட்டோடு ஒட்டிக் கிடந்தன. பின்மூடியைக் கழற்றியதும் ஒரு டம்ளர் செந்தண்ணீர் கொட்டியது. ஆர்மேச்சருக்குச் சீரிஸ் லைட் எரியவில்லை, நல்லது. புதுப் பிரஷ் கிடைக்கவில்லை. ஒரு டிராக்டர் செல்ஃப் மோட்டார் பிரஷ்ஷை வாங்கி, அகலத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்தேன். வயர் தடிமன் பழையதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்.

கியர் பக்கத்தைப் பார்த்து மலைத்துவிட்டேன். மூன்று அடுக்குப் பல்சக்கரம், ஒவ்வொன்றிலும் மூன்று குட்டிச் சக்கரங்கள் ஒரு நடுச்சக்கரத்தைச் சுற்றி ஓடுகின்றன. கிரீஸ் கறுத்து மெழுகு மாதிரி இறுகியிருந்தது. டீசலில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். எல்லாப் பல்லும் முழுசு. எங்கேயும் மூளியில்லை. அந்தத் தோட்டத்தில் இதை அதிகம் வருத்தவில்லை என்று நினைக்கிறேன்.

டிரம்முக்குள் அந்தப் பிரேக்கைப் பார்த்தேன். சோளப்பொரி டப்பா மூடி அளவில் இரண்டு கூம்புத் தட்டு, நடுவில் ஒரு முறுக்கு ஸ்பிரிங். அதன் மேலும் கிரீஸ் வழிந்திருந்தது. நான் எதையும் செய்யவில்லை, அப்படியே போட்டோ இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மோட்டாரில் எஃப்1, எஃப்2 என்று பொறித்த முனைகள் இருக்கின்றன. வயரிலும் அதே எழுத்துப் போட்ட வளையங்கள். ஆனால் எஃப்1 வயர் எஃப்2 முனையிலும், எஃப்2 வயர் எஃப்1 முனையிலும் மாட்டியிருந்தது. முன்னால் இருந்தவர் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார் என்பதால் அதேபடி குறித்து வைத்துக்கொண்டேன்.

புதூர் பட்டறை | செப்டம்பர் 22, காலை 6:20

நல்ல வேலை. பல்லைத் தேய்த்துப் பார்த்த பொறுமை எல்லாருக்கும் வராது.

பிரேக் தட்டில் கிரீஸ் இருக்கவே கூடாது. பிரேக் கிளீனர் அடித்து, சுத்தமான துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். பெட்ரோல், டீசல் வேண்டாம், எண்ணெய்ப்பசை தங்கிவிடும். தட்டு கண்ணாடி மாதிரி மினுமினுத்தால் உப்புத்தாளில் நான்கு இழுப்பு இழுத்து மினுமினுப்பை மட்டும் எடுங்கள். பற்களுக்கு அதிக அழுத்தம் தாங்கும் லித்தியம் ஈபி கிரீஸ், பல் நனையும் அளவுதான். வழிய வழிய அப்பினால் அது சூட்டில் உருகி டிரம்முக்குள் இறங்கி மறுபடி பிரேக்குக்கே போகும். இந்த வின்ச்சுக்கு முன்னால் நடந்ததும் அதுதான்.

நத்தம்ரோடு | செப்டம்பர் 22, மாலை 5:51

இந்த விவாத இழைக்குப் புதியவன், மன்னிக்கவும். நானும் என் மஹிந்திரா தார் ஜீப்புக்கு ஒரு பழைய வின்ச் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரும்பு ரோப்பைத் தூக்கிவிட்டு நைலான் மாதிரி இருக்கும் சிந்தெடிக் ரோப் போட்டால் நல்லதா? எடையும் குறைவு, அறுந்தாலும் ஆபத்து குறைவு என்கிறார்களே?

மலைப்பாதை | செப்டம்பர் 22, இரவு 10:15

கம்பம் பள்ளத்தாக்கில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறேன், இருபது வருடமாக. இரும்பு ரோப்தான் என் ஓட்டு. எங்கள் வேலை மரத்திலும் பாறையிலும் உரசிக்கொண்டே நடக்கும். சிந்தெடிக் ஒரு கூரான கல் விளிம்பில் பட்டால் கத்தி வைத்து அறுத்த மாதிரி போய்விடும்.

இரும்பு ரோப்புக்குக் கையுறை இல்லாமல் கை வைக்கக் கூடாது, இது சத்தியம். ஒரு பிசிறு உள்ளங்கையில் ஏறினால் அதை எடுக்கிற வலி வேறு. கரிசல் தம்பி, பிசிறு விட்ட ரோப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், வெட்டி இணைக்க நினைக்காதீர்கள்.

புதூர் பட்டறை | செப்டம்பர் 23, காலை 6:11

நத்தம்ரோடு தம்பி, இது ஆளுக்கு ஆள் மாறும் விஷயம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கரிசல் தம்பியிடம் இருப்பது போல பிரேக் டிரம்முக்குள் இருக்கும் வின்ச்சில், பாரத்தோடு ரோப்பை வெளியே விடும்போது அந்தப் பிரேக் இழுபட்டுக்கொண்டே சுற்றும். டிரம் கொதிக்கும். சிந்தெடிக் இழை 150 டிகிரிக்குப் பக்கத்தில் உருகுகிறது, அதற்கு வெகு முன்னாலேயே பலம் குறைய ஆரம்பிக்கும். வார்ன் கம்பெனியின் பழைய 8274 போல நிமிர்ந்து நிற்கும் வின்ச்களில் பிரேக் டிரம்முக்கு வெளியே கியர் பெட்டியில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. (அந்த எண்ணில் 8,000 பவுண்டும் அது வெளிவந்த 1974 பிப்ரவரியும் ஒளிந்திருக்கின்றன. அரை நூற்றாண்டு தாண்டியும் ஆட்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.)

அப்புறம் நம் வெயில். சிந்தெடிக் ரோப்பைச் சித்திரை வெயிலில் மூடாமல் நிறுத்தி வைத்தால் மேல் அடுக்கு வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும். ஆற்று மணல் இழைக்குள் புகுந்தால் உள்ளேயே அரைக்கும். வாங்கினால் உறை போட்டு மூடுங்கள், மாதம் ஒரு முறை தண்ணீரில் அலசுங்கள், ரோப் வெளியே வரும் வாயில் இருக்கும் ரோலரைக் கழற்றிவிட்டு வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட் (ரோப் வழிகாட்டி) போடுங்கள். இரும்பு ரோப் ஓடிய ரோலரில் கீறல் இருக்கும், புது இழையை அது தின்றுவிடும்.

வைகை வடகரை | செப்டம்பர் 24, பிற்பகல் 1:40

ஒரு எச்சரிக்கை. முன்னால் பெரிய இரும்புக் கம்பிக் கூண்டு கட்டி அதில் வின்ச்சை வைத்துவிடாதீர்கள். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு வண்டி மாற்றங்களைப் பற்றியது. ரோட்டில் நடக்கிறவர் மேல் இடித்தால் அந்தக் கம்பி அவர் உயிரை எடுக்கும் என்பதுதான் காரணம், அது நியாயமான காரணம். செய்வதற்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நம்பர் பிளேட் மறையக் கூடாது.

கரிசல்540 | செப்டம்பர் 29, இரவு 9:05

வடகரை ஐயாவுக்கு நன்றி. கூண்டு கட்டவில்லை. பம்பருக்குப் பின்னால், சேஸி முனைகள் இரண்டுக்கும் நடுவில் தாழ்வாக உட்கார வைக்கிறேன். கப்பலூரில் ஒரு பட்டறையில் 8 மி.மீ. தகட்டை மடக்கி வாங்கினேன். வின்ச்சின் கால் ஓட்டைகள் 254க்கு 114.3 மி.மீ. (பத்து அங்குலத்துக்கு நாலரை). இது பெரும்பாலான வின்ச்களுக்குப் பொது அளவு என்று தெரிந்ததால் நாளைக்கு வேறு வின்ச் மாற்றினாலும் தகடு உதவும்.

சேஸியில் வெல்டிங் வைக்கவில்லை, முழுக்க போல்ட்தான். பழைய சேஸி, ஓட்டை போட்ட இடத்தில் போல்ட்டை இறுக்கினால் தகடு உள்ளே நசுங்குகிறது. அதனால் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் கனமான பைப் துண்டு ஒன்றைச் சேஸியின் அகலத்துக்கு வெட்டி வைத்து, அதற்குள் போல்ட்டை விட்டேன். இப்போது எவ்வளவு இறுக்கினாலும் அசையாது. 12 மி.மீ. போல்ட், தலையில் 8.8 என்று பலத்தின் தரக்குறி பொறித்தது. கடைக்காரர் முதலில் கொடுத்ததில் தலை மொட்டையாக இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வின்ச்சும் தகடும் சேர்த்து 60 கிலோவுக்குமேல் வருகிறது. முன்பக்கம் ஒரு அங்குலம் இறங்கிவிட்டது. முன் ஸ்பிரிங் பட்டையில் ஒரு இலை சேர்க்கப்போகிறேன்.

புதூர் பட்டறை | செப்டம்பர் 30, காலை 6:14

பைப் துண்டு வைத்தது மிகச் சரி. பல பேர் விட்டுவிடுவது அதைத்தான். ரேடியேட்டருக்கு முன்னால் காற்று மறையாமல் பாருங்கள். மதுரையில் மே மாதம் 40 டிகிரி, வின்ச் கிரில்லை மூடினால் சூட்டு முள் ஏறிக்கொண்டே இருக்கும்.

செல்லூர் காயில்கடை | அக்டோபர் 2, இரவு 9:18

வயரிங்குக்கு வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

பாரத்தில் இந்த மோட்டார் 300 ஆம்பியர் எடுக்கும், முழு பாரத்தில் 400ஐத் தொடலாம். பேட்டரிக்குப் போகவும் வரவும் சேர்த்து நான்கு மீட்டர் வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 சதுர மி.மீ. செம்பு வயரில் 300 ஆம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் வயரிலேயே போய்விடும். 35 சதுர மி.மீ. போட்டால் 0.6 வோல்ட்தான். வின்ச்சுக்கு வோல்ட் குறைந்தால் அது சும்மா மெதுவாக ஓடுவதோடு நிற்காது. இழுக்கும் நேரம் கூடும், சூடு கூடும், சோலனாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) ஒட்டிக்கொள்ளும். சோலனாய்டு ஒட்டிக்கொண்டால் பட்டனை விட்டாலும் வின்ச் நிற்காது.

வெல்டிங் கேபிள் வாங்குகிறார்கள், தப்பில்லை. ஆனால் கடையிலேயே முனையை வெட்டிக் கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். வேண்டாம். வயர் முனைக்கு லக் (வளைய முனை) வைத்து, அதற்கான கருவியால் அழுத்திக் கிரிம்பிங் செய்யுங்கள், சுத்தியலால் அடித்து நசுக்க வேண்டாம். எர்த்தைச் சேஸியில் கொடுக்காமல் நேராகப் பேட்டரி மைனஸில் கொடுங்கள். லாரிக்குப் போடும் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

பேட்டரி பற்றி: 300 ஆம்பியரில் ஒரு நிமிடம் இழுத்தால் 5 ஆம்பியர்-மணி போகிறது. ஆல்டர்னேட்டர் 40 ஆம்பியர் கொடுத்தால் அதைத் திருப்பி நிரப்ப ஏழெட்டு நிமிடம் ஆகும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் இழுத்து, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, விட்டு விட்டு இழுங்கள்.

கரிசல்540 | அக்டோபர் 12, மாலை 6:36

எல்லாம் மாட்டியாயிற்று. புது 8 மி.மீ. ரோப் 26 மீட்டர். பாரமில்லாமல் 75 ஆம்பியர் எடுக்கிறது. உள்ளே, வெளியே இரண்டும் ஓடுகிறது. சத்தம் நன்றாக இருக்கிறது, கியர் ஒரே சீராகப் பாடுகிறது.

இன்று மாலை ஊர்க் கண்மாய்க் கரைச் சரிவில் சோதித்தேன். மேலே பனை. அடியில் நாடாப் பட்டை சுற்றி ஷேக்கிள் (யு வடிவ இரும்பு வளையம்) போட்டுக் கொக்கி மாட்டினேன். வண்டி நியூட்ரலில் சரிவில் அழகாக ஏறியது. பாதியில் பட்டனை விட்டேன். வண்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. டிரம் பின்னால் சுற்றிக்கொண்டு வண்டி மூன்று நான்கு அடி கீழே போனது. கால் பிரேக்கின் மேலேயே இருந்ததால் நிறுத்திவிட்டேன். பின்னால் யாரும் நிற்கவில்லை, அதை முன்பே பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். மறுபடி இரண்டு முறை. அதேதான். இழுக்கிறது, பிடித்து நிற்கவில்லை.

பிரேக் தட்டைச் சொன்னபடி சுத்தம் செய்தேன். கிரீஸ் ஒரு துளி இல்லை. என்ன விட்டுவிட்டேன்?

மலைப்பாதை | அக்டோபர் 12, இரவு 8:02

பிரேக் தட்டு தேய்ந்துவிட்டது. வேறென்ன? பழைய வின்ச் வாங்கினால் இதுதான். புதுத் தட்டு வாங்கிப் போடுங்கள், கிடைக்காவிட்டால் லேத்தில் லைனிங் ஒட்டச் சொல்லுங்கள்.

செல்லூர் காயில்கடை | அக்டோபர் 12, இரவு 9:10

எனக்கு மோட்டார் பக்கம் சந்தேகம் இல்லை. மோட்டார் ஓடாதபோது பாரத்தைப் பிடிப்பது பிரேக் வேலை. ஆனால் அவர் போட்ட போட்டோவில் தட்டு தடிமனாகத்தான் தெரிந்தது அண்ணே.

மலைப்பாதை | அக்டோபர் 12, இரவு 9:25

போட்டோவில் தடிமன் தெரியுமா? நான் கையால் தொட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் இரண்டு வின்ச் இப்படி வழுக்கின. இரண்டுக்கும் தட்டு மாற்றியபிறகுதான் நின்றது.

புதூர் பட்டறை | அக்டோபர் 13, காலை 5:48

தம்பி, இரண்டு கேள்வி. ரோப் டிரம்மின் மேல் பக்கத்திலிருந்து வெளியே போகிறதா, அடிப்பக்கத்திலிருந்தா? எஃப்1, எஃப்2 வயரைக் கடைசியில் எப்படி மாட்டினீர்கள்?

செப்டம்பர் 21 பதிவை இப்போதுதான் மறுபடி படித்தேன்.

கரிசல்540 | அக்டோபர் 13, காலை 7:30

மேல் பக்கத்திலிருந்து. வாங்கும்போது அப்படித்தான் இருந்தது, புது ரோப்பையும் அப்படியே சுற்றினேன். வயரும் பழையபடி, மாற்றி மாட்டியதுதான்.

புதூர் பட்டறை | அக்டோபர் 13, காலை 8:15

கிடைத்துவிட்டது. இந்தப் பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கும். மோட்டார் சுற்றினால், எந்தப் பக்கம் சுற்றினாலும், அது தட்டைத் தளர்த்திக்கொண்டு ஓடும். மோட்டார் நின்று, பாரம் டிரம்மைப் பின்னால் திருப்பப் பார்த்தால், அந்த முறுக்கு ஸ்பிரிங்கும் சாய்வான பல்லும் கூம்பைத் தள்ளி டிரம்மின் உள்சுவரில் அழுத்தும். இது ஒரு திசைக்குத்தான் செய்யப்பட்டது. ரோப் அடியிலிருந்து போனால் பாரம் டிரம்மை அந்தத் திசைக்குத் திருப்பும். மேலிருந்து போனால் எதிர்த்திசைக்கு. அங்கே பிரேக்குக்கு வேலை இல்லை.

முன்னால் வைத்திருந்தவர் என்ன செய்திருக்கிறார் என்றும் தெரிகிறது. அவர் பம்பரில் ரோலர் உயரமாக இருந்திருக்கும், ரோப் நேராகப் போகட்டும் என்று மேலே சுற்றியிருக்கிறார். சுற்றியதும் பட்டன் தலைகீழாகிவிட்டது. உள்ளே அமுக்கினால் வெளியே போனது. அதைச் சரிசெய்ய, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்படி எஃப்1, எஃப்2 வயரை மாற்றி மாட்டியிருக்கிறார். பட்டன் சரியாகிவிட்டது. பிரேக் போய்விட்டது. சமதரையில் மரக்கட்டை மட்டும் இழுத்தவருக்கு அது தெரிந்தே இருக்காது.

வயரை எழுத்துப்படி மாட்டுங்கள். ரோப்பை முழுக்க அவிழ்த்து அடியிலிருந்து சுற்றுங்கள். டிரம்மில் எப்போதும் ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும், ரோப்பைப் பிடித்திருப்பது அந்தச் சுற்றுகளின் உரசல்தான், முனையில் இருக்கும் சின்னத் திருகு அல்ல. பாரம் கொடுத்துச் சுற்றுங்கள்: லேசான ஏற்றத்தில் வண்டியே தன்னை இழுத்து ஏறட்டும், கை பிரேக்கை ஒரு பல் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். தொளதொளவென்று சுற்றினால் மேல் அடுக்கு கீழ் அடுக்குக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும்.

மலைப்பாதை | அக்டோபர் 13, இரவு 10:40

அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் ஷெட்டுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஜீப்பில் ரோப் மேலிருந்து போகிறது. நாளைக் காலையில் யாரும் அதைத் தொடுவதற்கு முன்னால் அவிழ்க்கச் சொல்லிவிட்டேன். நான் தட்டு மாற்றிய அன்று ரோப்பையும் அவிழ்த்துச் சுற்றினேன். தட்டினால்தான் நின்றது என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

கரிசல் தம்பி, என் பேச்சைக் கேட்டுத் தட்டு வாங்கியிருந்தால் வீண் செலவு ஆகியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரிசல்540 | அக்டோபர் 14, மாலை 6:50

நின்றுவிட்டது!

அதே சரிவு, அதே பனை. பாதியில் பட்டனை விட்டேன். டிரம்முக்குள் ஒரு 'டக்'. ஒரு விரற்கடை பின்னால் வந்து அப்படியே நின்றது. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். டிரம்மில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோடு நகரவில்லை.

மலைப்பாதை அண்ணே, பொறுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. உங்கள் ஷெட்டில் ஒரு ஜீப் சரியானதே எனக்குப் பெரிய சந்தோஷம். புதூர் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கரிசல்540 | நவம்பர் 9, இரவு 9:55

மழை விழுந்தது, வண்டி புதைந்தது, வெளியே வந்தது. நடந்ததை எழுதுகிறேன், அடுத்தவருக்கு உதவும்.

காட்டுக்கு நடுவில் வலது பக்கச் சக்கரம் இரண்டும் அச்சு வரை போய்விட்டன. பக்கத்தில் சீமைக்கருவேலம்தான். கால் அளவு தடிமன்கூட இல்லாத கிளைக்கூட்டம், அதை நம்பவில்லை. 40 மீட்டரில் வரப்போரம் ஒரு பனை. ரோப் 26 மீட்டர். நீட்டுப் பட்டை ஒன்றைச் சேர்த்து எட்ட வைத்தேன். பட்டையைத் தூரில் தரையோடு சுற்றினேன். ரோப்பை ரோப் மேலேயே கொக்கி போடவில்லை.

முதலில் மண்வெட்டியால் டயருக்கு முன்னால் இருந்த சேற்றை வெட்டிச் சாய்வாக்கினேன். அரை மணி நேரம் போனது, ஆனால் அதுதான் பாதி வேலை. பிறகு நெல்லுச் சாக்கு இரண்டை நனைத்து ரோப் நடுவில் போட்டேன், அறுந்தால் அது பறக்காமல் தரையில் விழுவதற்கு. இதற்குள் ஊரில் பத்துப் பேர் வந்துவிட்டார்கள், பாதி பிள்ளைகள். இழுக்கத் தொடங்குவதற்கு முன் எல்லாரையும் ரோப்பின் நீளத்துக்கு அப்பால் வரப்பில் உட்காரச் சொன்னேன். பெரியவர் ஒருவர் ரோப்பைத் தாண்டி வரப் பார்த்தார், நிறுத்திவிட்டு அவர் கடந்த பிறகுதான் மறுபடி பட்டனைத் தொட்டேன். அந்தக் கம்பி அவர் மேல் விழுந்தால் நான் என்ன பதில் சொல்வேன்?

ஒரு நிமிடம் இழுப்பு, இரண்டு நிமிடம் ஓய்வு. நான்காவது இழுப்பில் சேறு 'பொளக்' என்று விட்டது. மோட்டார் சூடு, ஆனால் கை வைக்க முடிந்தது. டிராக்டர் தேவைப்படவில்லை.

மலைப்பாதை | நவம்பர் 10, காலை 6:30

பனைக்குப் பட்டை போட்டது நல்லது. மரத்தில் நேராகக் கம்பி சுற்றினால் தோலை உரித்துவிடும், அந்த மரம் அப்புறம் பிழைக்காது. இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: மேகமலைப் பக்கம் 2021இலிருந்து புலிகள் காப்பகம். வின்ச் இருக்கிறது என்று காட்டுக்குள் வண்டியை விட்டுவிடாதீர்கள்.

நத்தம்ரோடு | நவம்பர் 10, பிற்பகல் 2:12

படித்துவிட்டு நான் பார்த்து வைத்த வின்ச்சைப் போய்ப் பார்த்தேன். ரோப் அடியிலிருந்துதான் போகிறது, எழுத்தும் வயரும் பொருந்துகின்றன. ஆனால் மோட்டாரை ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிறது. வாங்கலாமா? கரிசல் அண்ணன், சேற்றில் இழுத்தபிறகு உங்கள் மோட்டாரை என்ன செய்தீர்கள்?

கரிசல்540 | நவம்பர் 10, இரவு 8:20

ஹோஸ் பைப்பால் மோட்டார் மேல் நேராகத் தண்ணீர் அடிக்கவில்லை. ரோப்பை முழுக்க இழுத்துப் போட்டு அதை மட்டும் கழுவி, காயவைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துத் திரும்பச் சுற்றினேன். மோட்டாரின் அடியில் ஒரு சிறு வடிகால் ஓட்டை இருக்கிறது, அது சேற்றால் அடைத்திருந்தது, குச்சியால் குத்திவிட்டேன். பிறகு பாரமில்லாமல் இரண்டு நிமிடம் ஓட்டினேன், உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் போகட்டும் என்று.

செல்லூர் காயில்கடை | நவம்பர் 10, இரவு 9:44

நத்தம்ரோடு தம்பி, தண்ணீர் சலசலத்தால் உடனே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், கரிசல் தம்பியுடையதும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் மோட்டாரை மட்டும் கழற்றி, சனிக்கிழமை காலை கடைக்குக் கொண்டுவாருங்கள். சீரிஸ் லைட் வைத்துப் பார்த்துவிடலாம், பத்து நிமிட வேலை.